பல் மருத்துவர் பாத்திமா ஜின்னா அம்மையார்

காகிதமும் எழுதுபொருளும் மொத்தமாக வாங்க வேண்டிக் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் செல்லும் நம்மவர்கள் அப்துல் ரஹ்மான் தெருவை நன்கு அறிவர். நெருக்கடி மிகுந்த அத்தெருவில் 1923-ஆம் ஆண்டு, முப்பது வயதை எட்டிய பெண்மணி ஒருவர் பல் மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார். பெண் மருத்துவர் என்றாலே பிரசவம் பார்ப்பவர் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. பல் வைத்தியமோ, சந்தையோரத்தில் குறடும் கையுமாக அமர்ந்திருப்போரின் தொழிலாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. அந்நாளில் முறையாகக் கற்றுத் தனியே தொழில் நடத்தத் துணிந்த அப்பெண்மணி, பாரிஸ்டர் முகம்மது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா ஆவார்.

பாகிஸ்தானில் அவரை நாட்டின் அன்னை என்று போற்றுகின்றனர். நம் நாட்டிலோ, பழைய புகைப்படங்களில் ஜின்னாவின் அருகே நிற்கும் மெலிந்த, நரைத்த தலையுடைய ஓர் உருவம் என்ற அளவிலேயே அவரைப் பலர் அறிவர். பிரிவினை விளைவித்த புண் ஆறுவதற்கு அரியது. அவ்வரசியலின் நன்மை தீமைகளை எடைபோட நாம் இங்கே முற்படவில்லை. பம்பாயில் வளர்ந்து, கல்கத்தாவில் கற்று, மீண்டும் பம்பாயில் தொழில் நடத்திய ஒரு மாதரசியின் வாழ்க்கை, இன்னொருவர் வாழ்க்கைக்குள் மறைந்துபோய், முதுமையில் மறுபடியும் வெளிப்பட்ட வரலாற்றை மட்டுமே சொல்ல விழைகின்றோம்.

கத்தியவாரிலிருந்து கராச்சிக்குக் குடிபெயர்ந்த குஜராத்தி வணிகர் ஜின்னாபாய் பூஞ்சாவுக்கும் மிட்டிபாய் அம்மையாருக்கும் 1893-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாத்திமா பிறந்தார். அறியாப் பருவத்திலேயே தாயை இழந்தார். சில ஆண்டுகளில் தந்தையாரும் மறைந்தார். பதினேழு வயது மூத்தவரான தமையனார் அப்பொழுது பம்பாயில் பாரிஸ்டராகப் பெயர் பெற்று வந்தார். தங்கைக்குத் தந்தையின் இடத்தில் நின்றவர் அவரே. உறவினரின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், 1902-இல் பாந்திரா கன்னிமாடப் பள்ளியில் சிறுமியை விடுதி மாணவியாகச் சேர்த்தார். முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருத்தி கிறிஸ்தவக் கன்னியர் நடத்தும் விடுதியில் தங்கிப் படிப்பது அன்று எளிதில் ஏற்கத்தக்க செய்தியன்று.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் பல் மருத்துவம் கற்க அவர் விரும்பினார். அக்கல்வி பெறப் பம்பாயில் கல்லூரி இல்லை. நாயர் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1933-இல்தான். நம் சென்னையிலோ 1953 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே அவர் கல்கத்தா சென்றார். அங்கே டாக்டர் ரபியுத்தீன் அகமது என்பார் 1920-இல் இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியிருந்தார். அவரைப் பற்றி ஒரு சொல் இவ்விடத்தில் சொல்லாமற்போக மனம் வரவில்லை. அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக் கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், கல்கத்தாவில் ஐஸ்கிரீமும் சோடாவும் விற்கும் கடை ஒன்றை வைத்து, அதில் வந்த வருவாயைக் கொண்டே கல்லூரியை நடத்தினார்! பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்றுப் பல்லைக் காக்கும் கல்வியை வளர்த்த விந்தையை எண்ணி நாம் நகைக்கலாம். ஆனால், அக்கடை இல்லையேல் அக்கல்லூரி இல்லை. பிற்காலத்தில் அவர் மேற்கு வங்க அமைச்சராகவும் விளங்கினார், 1964-இல் பத்மபூஷண் விருது பெற்றார், 1965-இல் மறைந்தார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாளையே நம் நாட்டில் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

அத்தகைய ஆசானிடம் பயின்று திரும்பிய பாத்திமா, அப்துல் ரஹ்மான் தெரு நிலையத்தில் தொழில் புரிந்ததோடு, தோபி தலாவிலிருந்த நகராட்சி மருத்துவ நிலையத்தில் ஏழைகளுக்கு ஊதியம் பெறாமல் சிகிச்சையும் அளித்தார். ஆறாண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இடையில் தமையனாரின் இல்லத்தில் நிகழ்ந்தவற்றையும் சொல்ல வேண்டும். சர் தின்ஷா பெட்டிட் என்னும் பெருஞ்செல்வரான பார்சிப் பிரபுவின் மகள் ரத்தன்பாயை ஜின்னா 1918-இல் மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பதினெட்டு. பெற்றோரைத் துறந்து வந்த அப்பெண், டினா என்னும் மகவை ஈன்றார். ஆண்டுகள் செல்லச் செல்லக் கணவரின் அரசியலும் வழக்குமன்றமும் அவரைத் தனிமையில் தள்ளின. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தம்முடைய இருபத்தொன்பதாவது பிறந்த நாளன்றே ரத்தன்பாய் காலமானார். மஸ்காவிலுள்ள கோஜா இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

மனைவியை இழந்த தமையனாரின் வீட்டை நடத்தவும், தாயற்ற ஒன்பது வயதுக் குழந்தையைப் பேணவும் பாத்திமா தம் மருத்துவ நிலையத்தை மூடிவிட்டு அவ்வீட்டிற்குக் குடிபோனார். அதன்பின் அவர் பல் மருத்துவத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

இதனைத் தியாகம் என்று எல்லா நூல்களும் புகழ்கின்றன. தியாகந்தான், ஐயமில்லை. ஆயினும் அப்புகழுரையோடு நிறைவடைய நம்மால் இயலவில்லை. பணியாட்களுக்கோ பொருளுக்கோ குறைவற்ற வீடு அது. தங்கைக்கு ஒரு துயரம் நேர்ந்திருந்தால், பாரிஸ்டர் ஜின்னா தம் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வழக்குமன்றத்தை மறந்திருப்பாரா? அவரிடம் யாரேனும் அதை எதிர்பார்த்திருப்பார்களா? நம் காலனி இல்லங்களிலும் சட்டமிட்ட பட்டங்கள் கூடத்துச் சுவரில் தொங்க, பட்டம் பெற்ற மகளிர் அடுக்களையிலேயே நின்றுவிட்டதை நாம் கண்டதில்லையா? பாத்திமா அம்மையார் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாக நாம் எங்கும் படித்ததில்லை. ஆனால், குறைப்பட்டுக்கொள்ளாமையாலேயே இழப்பு இல்லாமற் போய்விடாது.

அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் அவர் தமையனாரின் நிழலாகவே வாழ்ந்தார். ஜின்னா இலண்டனில் தங்கி வழக்குரைஞராக இருந்த காலத்தில் ஹாம்ஸ்டெட் இல்லத்தில் உடன் இருந்தார். திரும்பி வந்தபின், மலபார் குன்றில் மவுண்ட் பிளெசன்ட் சாலையில் எழுந்த மாளிகையில் இல்லத் தலைவியாக விளங்கினார். 1944 செப்டம்பரில் காந்தியடிகள் நாள்தோறும் வந்து ஜின்னாவோடு உரையாடியது அம்மாளிகையில்தான். முஸ்லிம் லீகின் மகளிர் பிரிவை வளர்ப்பதிலும் அம்மையார் பெரும்பங்கு கொண்டார். மேடையில் தமையனாருக்குப் பின்னே அன்றி அருகே அமர்ந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். முகத்திரையின்றி அவ்வாறு அமர்ந்ததே எண்ணற்ற பெண்களுக்கு ஒரு செய்தியாயிற்று.

1947 ஆகஸ்டு 7-ஆம் நாள் அண்ணனும் தங்கையும் தில்லியிலிருந்து விமானத்தில் கராச்சி சென்றனர். புதிய நாட்டில் ஜின்னா வாழ்ந்தது ஓராண்டுக்குச் சற்றே மேல். காசநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. உலகம் அதனை அறியாது, அம்மையார் அறிவார். 1948 செப்டம்பர் 11-ஆம் நாள் குவெட்டாவிலிருந்து அவரை விமானத்தில் கொணர்ந்து மௌரிப்பூரில் இறக்கினர். நகரை நோக்கிப் புறப்பட்ட நோயாளர் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. மாற்று வண்டி வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. வெக்கையில், ஈக்கள் மொய்க்க, ஒரு நாட்டின் தலைவர் சாலையோரத்தில் கிடந்தார். தங்கையும் தாதியும் விசிறிக்கொண்டிருந்தனர். அன்றிரவே அவர் உயிர் நீத்தார். வண்டி பழுதானது தற்செயலா, அசட்டையா, வேறெதுவுமா என்ற வினா அம்மையாரின் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

ஆட்சியாளர்களுக்கும் அவருக்கும் இடையே பிளவு தோன்றியது. 1951-ஆம் ஆண்டு ஜின்னாவின் நினைவு நாளில் அவர் வானொலியில் பேசியபோது, அரசைக் குறைகூறும் பகுதிகளில் ஒலிபரப்பு நின்று போயிற்று. தமையனாரைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1987-இல் வெளிவந்தபோதும் சில பகுதிகள் நீக்கப்பட்டே வந்தது.

1958-இல் தளபதி அயூப் கான் ஆட்சியைக் கைப்பற்றியபோது அதனை வரவேற்றோருள் பாத்திமாவும் ஒருவர். அவரது கணிப்பு அங்கே பிழைத்தது. ஆறாண்டு கழிந்து, எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி அயூபை எதிர்க்கத் தக்கவர் யார் என்று தேடியபோது, எழுபத்தொரு வயதான அம்மையாரின் வாயிலை வந்தடைந்தன. வங்கத்து முஜிபுர் ரஹ்மானும், மதவாதியான மௌலானா மௌதூதியும் ஒரே பெண்மணிக்காக வாக்குக் கேட்டது ஒரு விந்தையே. பெண் நாட்டுக்குத் தலைமை தாங்கலாகாது என்று எதிர்த்தரப்பு உலமாக்கள் தீர்ப்புக் கூறினர்.

அம்மையார் அஞ்சவில்லை. கிழக்கு வங்கத்தில் டாக்காவிலிருந்து சிட்டகாங்குக்கு அவர் சென்ற ரயில் இருபத்திரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் மக்கள் அபாயச் சங்கிலியை இழுத்து நிறுத்தி, அவர் பேச்சைக் கேட்டபின்பே வழிவிட்டனர். ஆனால், அம்மக்களுக்கு வாக்கு இல்லை! நாடு முழுவதற்கும் சேர்த்து 80,000 பிரதிநிதிகள் மட்டுமே வாக்களிக்கும் முறையை அயூப் வகுத்திருந்தார். அதிகாரிகளின் கைக்கு எட்டும் எண்ணிக்கை அது. 1965 ஜனவரி 2-ஆம் நாள் நடந்த தேர்தலில் அயூபுக்கு 49,951 வாக்குகளும், அம்மையாருக்கு 28,691 வாக்குகளும் கிடைத்தன. ரோஜா மலர்ச் சின்னம் வென்றது. லாந்தர் விளக்குச் சின்னம் தோற்றது. எனினும் கராச்சியும் டாக்காவும் விளக்கின் பக்கமே நின்றன.

தோல்விக்குப்பின் அவர் கராச்சியில் மொகாட்டா மாளிகையில் ஒதுங்கி வாழ்ந்தார். இரவில் மேல்தளக் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே உறங்குவது அவர் வழக்கம். 1967 ஜூலை 8-ஆம் நாள் மாலை ஒரு திருமணத்துக்குச் சென்று வந்தார். மறுநாட் காலை கதவு திறக்கவில்லை. உள்ளே சென்று பார்த்தபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. இருதயம் நின்றமையால் இறந்தார் என்று அரசு அறிவித்தது. உடலில் காயங்கள் இருந்தன, அது கொலையே என்ற பேச்சு உடனே எழுந்தது; உறவினர் சிலரும் பிற்காலத்தில் அவ்வாறே கூறினர். ஐயத்துக்கு இடந்தரும் காலம் அது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், எழுபத்து மூன்று வயது முதியவர் உறக்கத்தில் உயிர் துறப்பது இயற்கைக்கு மாறானதன்று. கொலை என்பதற்கு மறுக்கவியலாத சான்று எதுவும் வெளிவரவில்லை. ஒளிவுமறைவற்ற விசாரணை ஒன்றை அன்றே நடத்தியிருந்தால் இப்பேச்சு வளர்ந்திராது.

அவரை ஜின்னாவின் சமாதிக்கருகே அடக்கம் செய்ய அரசு முதலில் விரும்பவில்லை. வேறோர் இடுகாட்டைச் சுட்டியது. மக்களின் சினத்துக்கு அஞ்சிப் பின்னர் இசைந்தது. இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். காவலர் கண்ணீர்ப்புகை வீசினர். ஷியா முறையில் வீட்டிலும், சன்னி முறையில் பொதுவெளியிலுமாகத் தொழுகை இருமுறை நடந்தது. தமையனாரின் கல்லறைக்கு அண்மையில் அவர் துயில்கின்றார்.

அவர் கடைசியாக வாழ்ந்த மாளிகையைக் கட்டியவர் சிவரத்தன் மொகாட்டா என்னும் மார்வாரி வணிகர்; 1927-இல் ஆசையோடு எழுப்பிய வீட்டைப் பிரிவினையின்போது விட்டு நம் நாட்டுக்கு வந்தவர் அவர். அம்மையாரும் மலபார் குன்று வீட்டை விட்டு அங்கே சென்றவர். மொகாட்டா மாளிகை 1999 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.