காமராஜர் நின்ற 5 தொகுதிகள்: மாறிக்கொண்டே இருந்த வரைபடமும் திருவண்ணாமலை கொடுத்த அதிர்ச்சியும்

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி வசிப்பவர்களுக்கு 2011 சட்டமன்றத் தேர்தல் கொஞ்சம் குழப்பமாகவே வந்தது. அதுவரை திருவண்ணாமலை எம்.எல்.ஏ.வாக இருந்த கு.பிச்சாண்டி, கீழ்பென்னாத்தூர் என்ற புதுத் தொகுதிக்குப் போய்விட்டார். தண்டராம்பட்டு எம்.எல்.ஏ. எ.வ.வேலு திருவண்ணாமலையில் நின்றார். காரணம், தண்டராம்பட்டு தொகுதியே இல்லாமல் போயிருந்தது. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு தமிழ்நாடு சந்தித்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது.

கோடு மாறினால் தலைவர்களும் இடம் மாற வேண்டியிருக்கும். இதை காமராஜர் அளவுக்கு அனுபவித்த தமிழ்நாட்டுத் தலைவர்கள் குறைவு. சுதந்திரத்துக்குப் பிறகு 5 தொகுதிகளில், 7 முறை தேர்தலில் நின்றவர் அவர். தோற்றது ஒரே ஒரு முறை.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். (ரமணர் பிறந்த திருச்சுழியும் இன்று அதே விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது.) பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, சிறைக்குப் போய், 1940-ல் மாகாண காங்கிரஸ் தலைவரானது வரை பலருக்கும் தெரிந்த கதை. நேரா 1952-க்கு வந்துவிடலாம்.

அப்போதைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு கிடையாது. ஆந்திரா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த பெரிய நிலம். சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. மேலவை வழியாக உள்ளே வந்து ராஜாஜி முதல்வரானார். காமராஜர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனார்.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிந்தது. இதை மொழி அரசியலாக மட்டும் பார்த்தால் பாதி கதை விட்டுப்போகும். தெலுங்கு உறுப்பினர்கள் வெளியேறியதும் சட்டமன்றக் கட்சியில் தமிழ் உறுப்பினர்களின் எடை கூடியது. அவர்களில் பலர் காமராஜர் பக்கம். கூடவே ராஜாஜியின் கல்வித் திட்டத்துக்கு, அதாவது எதிர்ப்பாளர்கள் குலக்கல்வி என்று அழைத்த திட்டத்துக்கு, கடும் எதிர்ப்பு. ராஜாஜி விலகினார். கட்சித் தலைவர் போட்டியில் சி.சுப்பிரமணியத்தைத் தோற்கடித்து, 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் முதல்வரானார். தோற்றவரையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால், முதல்வர் சட்டமன்ற உறுப்பினராக இல்லையே? ராஜாஜி போல மேலவை வழியைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். திருவண்ணாமலையும் அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டம் அது, விருதுநகர்க்காரருக்கு வேற்றூர். பெரியார் ஆதரித்தார், தி.மு.க. ஆள் நிறுத்தவில்லை, கம்யூனிஸ்ட் வேட்பாளரைத் தோற்கடித்து ஜெயித்தார்.

1956 நவம்பர் 1-ல் வரைபடம் மறுபடி மாறியது. மலபார் கேரளாவுக்குப் போனது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. அதற்காக அவர் போதுமான அளவு மல்லுக்கட்டவில்லை என்ற விமர்சனம் இன்றும் இருக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய எல்லைக்குள் நடந்த 1957 தேர்தலில் சட்டமன்றம் 205 இடங்களாகச் சுருங்கியிருந்தது. காமராஜர் சாத்தூருக்கு மாறி ஜெயித்தார். காங்கிரஸுக்கு 151. முதல் முறை களமிறங்கிய தி.மு.க. 15 இடங்களைப் பிடித்தது. அதில் ஒன்று திருவண்ணாமலை, ப.உ.சண்முகம். மக்களவையில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த 2 இடங்களிலும் ஒன்று திருவண்ணாமலைதான்.

1962-ல் இந்த ஊரின் சட்டமன்றத் தொகுதியை காங்கிரஸ் மீட்டது. காமராஜர் மூன்றாவது முறையாக முதல்வரானார். மதிய உணவு, பள்ளிகள், அணைகள் என்று சொல்லிக்காட்ட நிறையவே இருந்தது. அப்படியும் 1963 திருவண்ணாமலை இடைத்தேர்தலில் ப.உ.சண்முகத்திடம் ஆளுங்கட்சி தோற்றது. ஒரே ஒரு தொகுதிதான். ஆனால் அரசு நன்றாக நடந்தாலும் கட்சி கீழே கரைந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்ட அது போதும். அதே ஆண்டு அக்டோபர் 2-ல் முதல்வர் பதவியை விட்டார். மூத்தவர்கள் பதவி துறந்து கட்சி வேலைக்குத் திரும்பும் அந்தத் திட்டத்துக்கு 'கே பிளான்' என்று பெயர். திருவண்ணாமலைத் தோல்வி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. வடக்கிலும் காங்கிரஸ் இடைத்தேர்தல்களில் அடி வாங்கியிருந்தது. அவரைத் தூண்டியவற்றில் இதுவும் ஒன்று.

டெல்லியில் அகில இந்திய காங்கிரஸ் தலைவராகி, சாஸ்திரி, இந்திரா என 2 பிரதமர்கள் தேர்வாக முன்னின்றார். அந்த நேரத்தில் 1961 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஊரில் புதிய மறுவரையறை முடிந்தது. சட்டமன்றம் 206-லிருந்து 234 ஆனது. மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆகக் குறைந்தன. இப்போதைய மறுவரையறை விவாதங்களில் அடிக்கடி கேட்கும் அந்த '2 இடம் போச்சு' என்பது இதுதான்.

அந்தப் புது வரைபடத்தில் நடந்த 1967 தேர்தலில், காமராஜர் சொந்த ஊர் விருதுநகரில் நின்றார். மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். பழியைக் கோட்டின் மேல் போட முடியாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் மாநிலம் முழுக்க காங்கிரஸைச் சாய்த்தன; தி.மு.க. 137 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த அலையிலும் திருவண்ணாமலையில் ஜெயித்தது காங்கிரஸ்.

அவரை மறுபடி கரை சேர்த்தது 1956-ல் வந்து சேர்ந்த நிலம். கன்னியாகுமரி இணைப்புக்காகப் போராடிய மார்ஷல் நேசமணி 1968-ல் இறந்தார். காலியான நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் 1969-ல் காமராஜர் வென்றார். 1971-ல் ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதியும் அதுதான்.

1975 அக்டோபர் 2-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு 42-வது அரசியல் சட்டத் திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படியான இட எண்ணிக்கையை உறையவைத்தது. பின்னர் வந்த 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அதனால்தான் 2008-ல் தண்டராம்பட்டு போய் கீழ்பென்னாத்தூர் வந்தபோதும், ரமணர் பிறந்த திருச்சுழி ஒரு தொகுதியின் பெயரானபோதும், 234-ம் 39-ம் அப்படியே நின்றன.