சேனைக்குப் பின்னே ஒரு சேனை: ஹால்டேன் பிரபுவின் வரலாறு

போர்வீரர்களின் புகழைப் பாடாத நாடு இல்லை. கோட்டையைப் பிடித்தவனுக்குப் பட்டம் உண்டு; களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. ஆனால் அவ்வீரனுக்கு வேளை தவறாமல் உணவு கொண்டு சென்றவன் யார், அவனுடைய பீரங்கிக்குக் குண்டு ஏற்றிய வண்டியை ஓட்டியவன் யார், அவன் காயமுற்றபோது தூக்கிச் சென்றவன் யார், அவன் மாண்ட இடத்தில் மறுநாள் வந்து நின்றவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்போர் மிகச் சிலரே. இக்கேள்விகளை ஆறரை ஆண்டுகள் இடைவிடாது கேட்டு, அவற்றுக்கு விடையும் கண்ட ஒருவரின் வரலாற்றை நம் சங்க அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம். அவர் படைத்தலைவர் அல்லர், வழக்கறிஞர். ரிச்சர்டு பர்டன் ஹால்டேன் என்பது அவர் பெயர். சரக்குப் பதிவேட்டையும் வேகன் கணக்கையும் நாள்தோறும் புரட்டும் எம்மைப் போன்றோர்க்கு இவர்பால் தனி ஈடுபாடு உண்டாவது இயல்பே.

ஹால்டேன் 1856ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். சமயப்பற்று மிக்க குடும்பம். பதினேழு வயதில் ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, லோட்சே என்னும் தத்துவப் பேராசிரியரிடம் பாடம் கேட்டார். அங்குக் கழித்த மாதங்கள் சிலவே எனினும், ஜெர்மானியரின் மெய்ப்பொருள் நூல்களில் அவர் கொண்ட காதல் ஆயுள் முழுவதும் நீடித்தது. அக்காதலே பிற்காலத்தில் அவருக்குப் பெரும் பகையாய் முடியுமென்று அந்நாளில் யார் அறிவார்?

1879இல் அவர் வழக்கறிஞரானார். 1885இல், இருபத்தொன்பது வயதில், பாராளுமன்ற உறுப்பினரானார். 1890இல் திருமணம் நிச்சயிக்கப்பட்டுப் பின்னர் முறிந்தது. அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவேயில்லை. தங்கை எலிசபெத்தே அவருக்குத் துணையாய் இருந்து வந்தார். 1905ஆம் ஆண்டு டிசம்பரில் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, பிறர் விரும்பி ஏற்காத யுத்த மந்திரி பதவியை ஹால்டேன் ஏற்றார். தத்துவம் படித்தவருக்குத் தளவாடம் என்ன தெரியும் என்று நகைத்தோர் பலர்.

அந்நாளில் பிரிட்டிஷ் சேனையின் நிலை யாது? 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் குடியானவர்களோடு நடந்த போரில் அச்சேனை வென்றது. ஆனால் மானம் கெட்டு வென்றது. அதில் மாண்ட ஏறக்குறைய 22,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் நோயால் மாண்டவர்கள். காலாட்படை இருந்தது, ஆனால் அதனோடு பிணைந்த பொறியாளரும் மருத்துவரும் வண்டிப் படையும் அமைதிக் காலத்தில் ஒருங்கே இருக்கவில்லை. போர் மூண்டபின் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பீரங்கிகள் இருந்தும், குண்டு வண்டிகளை நடத்த ஆளில்லாமையால் பல பீரங்கிப் பிரிவுகள் புறப்பட இயலாத நிலையில் கிடந்தன. எஞ்சின் மட்டும் பளபளவென்று நிற்க, நிலக்கரியும் தண்ணீரும் வேகனும் இல்லாவிட்டால் வண்டி நகருமா?

ஹால்டேன் முதலில் கேட்ட கேள்வி மிக எளியது: இச்சேனை எதற்காக இருக்கிறது? கடல் கடந்து சென்று போரிட ஒரு படை. அது சென்றபின் தாயகத்தைக் காக்க ஒரு படை. முதற்படையில் வீழ்வோரின் இடத்தை நிரப்ப ஒரு படை. இம்மூன்றையும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உறுப்புகளை வகுத்தார். 1906இல் பெர்லினுக்குச் சென்று ஜெர்மன் யுத்த இலாகாவின் அமைப்பையும் நேரில் கண்டு வந்தார். டக்ளஸ் ஹெய்க் என்னும் இளந்தளபதியை இந்தியாவிலிருந்து வரவழைத்து, பயிற்சிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

முதற்படை ஆறு காலாட்படை டிவிஷன்களும் ஒரு குதிரைப்படை டிவிஷனும் கொண்டது. டிவிஷன் என்பது தானே தனித்து இயங்கவல்ல ஒரு சிறு சேனை. அதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். மூன்று காலாட்படைப் பிரிகேடுகள். ஒவ்வொன்றிலும் நான்கு பட்டாளங்கள். இப்பன்னிரண்டு பட்டாளங்களே போர்முனையில் நிற்பவை. அவற்றுக்குப் பின்னே 76 பீரங்கிகளைக் கொண்ட பீரங்கிப் பிரிகேடுகள். அவற்றுக்குக் குண்டு சுமக்கும் வண்டித் தொடர். பாலமும் பாதையும் அமைக்கும் பொறியாளர் கம்பெனிகள் இரண்டு. தந்தியும் தொலைபேசியும் நடத்தும் செய்திக் கம்பெனி ஒன்று. உணவும் தீவனமும் கொண்டு செல்லும் வண்டிப் படை. காயமுற்றோரை ஏந்திச் செல்லும் மருத்துவப் பிரிவுகள் மூன்று. ஆக ஏறக்குறைய 18,000 மனிதர், 5,000க்கு மேற்பட்ட குதிரைகள். ஓர் உறுப்பு குறைந்தாலும் மற்றவை முடங்கும். ஆகவே அமைதிக் காலத்திலேயே இவ்வுறுப்புகள் அனைத்துக்கும் ஆளும் பொருளும் ஒதுக்கப்பட வேண்டுமென்று ஹால்டேன் விதித்தார்.

அத்தனை பேரையும் ஆண்டு முழுதும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கப் பணம் ஏது? செலவைக் குறைப்போம் என்று வாக்களித்து வந்த கட்சி அவருடையது. ஆண்டுக்கு 2 கோடியே 80 லட்சம் பவுனுக்குள் அனைத்தையும் அடக்க வேண்டியிருந்தது. இங்கேதான் ரிசர்வ் என்னும் சேமப்படையின் அருமை விளங்குகிறது. காலாட்படை வீரன் ஏழாண்டு பட்டாளத்தில் இருப்பான். பின்னர் ஐந்தாண்டு ரிசர்வில் இருப்பான். தபால்காரனாகவோ ரயில் ஊழியனாகவோ தன் பிழைப்பைப் பார்ப்பான். அழைப்பு வந்தவுடன் பழைய பட்டாளத்துக்கு ஓடி வருவான். பழைய மிலிஷியாவைக் கலைத்து, ஸ்பெஷல் ரிசர்வ் என்பதை அமைத்தார். ஆறு மாதம் தொடக்கப் பயிற்சி. பின்னர் ஆண்டுதோறும் சில வாரம். போர்முனையில் காலியாகும் இடங்களை நிரப்புவதே இவர்கள் கடமை. குண்டு வண்டித் தொடருக்குத் தேவையான ஆட்களும் இவ்வாறே கிடைத்தனர்.

மூன்றாவது, தாயகத்தைக் காக்கும் பிரதேசப் படை. 1907இல் சட்டம் நிறைவேறி, 1908 ஏப்ரல் முதல் நாள் அது உருவாயிற்று. பதினான்கு டிவிஷன்கள், பதினான்கு குதிரைப் பிரிகேடுகள். வக்கீல் குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் ஆலைத் தொழிலாளியும் மாலை வேளைகளில் பயின்று, ஆண்டுக்கொருமுறை முகாமுக்குச் சென்றனர். இதற்கும் முழு உறுப்புகள் உண்டு. ரயில்வே மானேஜர்களும் பொறியாளர்களும் தத்தம் பதவியில் இருந்தபடியே பட்டாள அதிகாரிகளாய்ப் போக்குவரத்துத் திட்டம் வகுத்துக் கொடுக்கும் ஓர் அமைப்பு 1865 முதலே இருந்தது. அதுவும் இப்படையில் சேர்ந்தது. 23 பொது மருத்துவமனைகள் ஏட்டளவில் அமைக்கப்பட்டன; பெரிய ஊர்களின் மருத்துவர்களும் செவிலியரும் தத்தம் பணியைச் செய்துகொண்டே, அழைத்த நாளில் வருவதாகப் பெயர் பதிந்தனர். செவிலியர் அமைப்புக்கு எலிசபெத் அம்மையார் உழைத்தார். இரண்டே ஆண்டுகளில் பிரதேசப் படை இரண்டரை லட்சம் பேரைக் கடந்தது.

எதிர்ப்பும் சிறிதன்று. மிலிஷியாக் கர்னல்கள் சினந்தனர். முன்னர்ச் சென்னைச் சேனைக்கும் பின்னர் இந்தியச் சேனை முழுமைக்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, கட்டாயப் பயிற்சியே வேண்டும், மாலைநேர வீரர் உதவார் என்று வாதாடினார். ஹால்டேன் சளைக்கவில்லை. ஊர் ஊராய்ச் சென்று பேசினார். மணிக்கணக்காய்க் கேள்விகளுக்கு விடை கூறினார். 1912 ஜூனில் நாட்டின் தலைமை நீதி பீடமாகிய லார்டு சான்சலர் பதவியை ஏற்று, யுத்த இலாகாவிலிருந்து விடைபெற்றார்.

சோதனை நாள் இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1914 ஆகஸ்டுத் தொடக்கத்தில் யுத்த இலாகாவையும் பிரதமர் ஆஸ்குவித்தே கவனித்து வந்தார்; தமக்காக அங்குச் சென்று பணி நடத்துமாறு ஹால்டேனை அவர் வேண்டினார். தாம் வகுத்த திட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆணை இவ்வாறு ஹால்டேனின் வாயிலிருந்தே பிறந்தது. ரிசர்வ்காரர்கள் அழைப்புக் கிடைத்த மறுகணமே புறப்பட்டனர். பிரான்சுக்குச் சென்ற காலாட்படையில் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. அந்த ஆகஸ்டு முடிவதற்குள் ஏறக்குறைய 670 தனி ரயில் வண்டிகள் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை அடைந்தன. எந்த வண்டி எந்நிமிடம் எந்த மேடைக்கு வரவேண்டும் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. நேர அட்டவணையின் அருமை அறிந்த நம் காலனிக் குடும்பங்களுக்கு இதன் பெருமையை விரித்துரைக்கத் தேவையில்லை.

பிரதேசப் படையினர் கடல் கடக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஆயினும் பெருந்திரளாக முன்வந்தனர். அக்டோபர் 31ஆம் நாள் லண்டன் ஸ்காட்டிஷ் பட்டாளம் பெல்ஜியத்தில் மெசின் அருகே போரில் இறங்கியது. மூன்று டிவிஷன்கள் அவ்வாண்டே இந்தியாவுக்கு வந்து, இங்கிருந்த நிரந்தரப் பட்டாளங்களைப் போர்முனைக்கு விடுவித்தன. ஆனால் யுத்த மந்திரியாய் வந்த கிச்சனர் பிரபு இப்படையை மதிக்கவில்லை. புதுச் சேனையை வேறாகத் திரட்டினார். ஹால்டேனின் திட்டத்திலும் குறை உண்டு. ஆறு டிவிஷன்களுக்கு வகுத்த ஏற்பாடு, பின்னர் அறுபதுக்கு மேல் தேவைப்பட்டபோது போதவில்லை. கனரகப் பீரங்கிகளும் குண்டுகளும் பற்றாமற்போயின.

இனி வருவது நெஞ்சை வருத்தும் செய்தி. ஜெர்மன் மொழியும் தத்துவமும் அறிந்தவர், போரைத் தவிர்க்க 1912இல் பெர்லினுக்குத் தூது சென்றவர் என்பதால், அவரை ஜெர்மானியரின் கையாள் என்று பத்திரிகைகள் தூற்றின. அவர் கெய்சரின் உடன்பிறந்தவர் என்றுகூட வதந்தி கிளப்பினர். ஒரு நாளிதழின் தூண்டுதலால் ஒரே நாளில் 2,600 கண்டனக் கடிதங்கள் பிரபுக்கள் சபையில் வந்து குவிந்தன. 1915 மே மாதம் கூட்டு மந்திரிசபை அமைந்தபோது எதிர்க்கட்சியினர் அவரை விலக்கும்படி நிபந்தனை இட்டனர். நெடுநாள் நண்பராகிய ஆஸ்குவித்தும் அதற்கு இணங்கினார். நாட்டின் சேனையை உருவாக்கியவர், நாட்டுக்குப் பகைவர் என்ற பழியோடு வெளியேறினார். அவர் பதிலுக்கு யாரையும் தூற்றவில்லை. கல்வித் தொண்டிலும் தத்துவ ஆராய்ச்சியிலும் ஆழ்ந்தார்.

உண்மை தாமதமாகவேனும் வந்தது. வெற்றி விழா நாளில், பிரான்சில் சேனாதிபதியாயிருந்த அதே ஹெய்க், ஊர்வலம் முடிந்தபின் ஹால்டேனின் வீட்டுக்குத் தாமே சென்றார். தம் போர் அறிக்கைகளின் தொகுப்பைக் கொடுத்தார். அதில் அவரை இங்கிலாந்து கண்ட யுத்த மந்திரிகளுள் தலைசிறந்தவர் என்று போற்றி எழுதியிருந்தார். தெருவில் ஆரவாரம் செய்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்! 1924இல் முதல் தொழிற்கட்சி ஆட்சியில் அவர் மீண்டும் லார்டு சான்சலரானார். 1928 ஆகஸ்டு 19ஆம் நாள் ஸ்காட்லாந்தில் தம் இல்லத்தில் காலமானார்.

அவர் வகுத்தது நம்மை அடிமை கொண்டிருந்த சாம்ராஜ்யத்தின் சேனை என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் நல்ல ஏற்பாடு எவரிடமிருந்தாலும் கற்கத் தக்கதே. சுதந்திர இந்தியா 1948இல் பிரதேசப் படைச் சட்டம் இயற்றியது. 1949 அக்டோபர் 9ஆம் நாள் கவர்னர் ஜெனரலாயிருந்த நம் ராஜாஜி அப்படையைத் தொடங்கி வைத்தார். ரயில்வே ஊழியர்களைக் கொண்ட அதன் பிரிவுகள் 1965, 1971 போர்களின்போது பணிக்கு அழைக்கப்பட்டன. மற்றொரு தொடர்பும் உண்டு. ஹால்டேனின் தம்பி மகனாகிய விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

நம் காலனியில் ஒரு விழா நடக்குமாயின் மேடையில் பாடியவரை ஊர் நினைவில் வைக்கும். ஜமக்காளம் விரித்தவரையும் வசூல் சீட்டு எழுதியவரையும் பந்தியில் பரிமாறியவரையும் எவரும் நினைப்பதில்லை. அவர்கள் இன்றேல் மேடையும் இல்லை. பின்னே நிற்போரை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அவர்க்கு உரிய இடம் அளித்தவர் ஹால்டேன். தமக்கு உரிய இடம் மறுக்கப்பட்டபோதும் அவர் பணியை நிறுத்தவில்லை. இவ்வாண்டு விழாவில் சமையற்கட்டில் நிற்கும் நம் சகோதரர்களை ஒரு வார்த்தை நன்றி கூறி நினைப்போமாயின், இவ்வரலாற்றைப் படித்த பயன் நமக்குக் கிட்டியதாகும்.