ஈப்போ இடைத்தேர்தலில் கூட்டணியை வீழ்த்திய டி.ஆர்.சீனிவாசகம்

ஈப்போவில் உள்ள டி.ஆர்.சீனிவாசகம் பூங்கா, பேராக் மாநில அரசியலை ஒரு காலத்தில் கலக்கிய தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாடு சுதந்திரமடைந்த மூன்றே மாதங்களில் நடந்த ஓர் இடைத்தேர்தல்தான் அவரை நாடறியச் செய்தது.

1921ஆம் ஆண்டு ஈப்போவில் பிறந்தவர் தர்ம ராஜா சீனிவாசகம். வழக்கறிஞரான அவர், அதே தொழிலில் இருந்த தம் சகோதரர் எஸ்.பி.சீனிவாசகத்துடன் சேர்ந்து 1953இல் பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். பின்னாளில் அது மக்கள் முற்போக்குக் கட்சியானது. அவசரகாலத்தில் லீ மெங் என்ற பெண்ணுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, சீனிவாசகம் சகோதரர்கள் அவருக்காக வாதாடினர். 1953இல் அந்தத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ஏழைகளுக்காக நீதிமன்றம் ஏறுபவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது.

ஆனால், நல்ல பெயர் உடனே வாக்காக மாறவில்லை. 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்னோ, மசீச, மஇகா அடங்கிய கூட்டணி, 52 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. சகோதரர்களின் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, ஈப்போ-மெங்லெம்பு தொகுதியின் உறுப்பினரான லியோங் யூ கோ மலாக்கா ஆளுநராகப் பதவியேற்றார். காலியான அந்த இடத்துக்கு நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது.

தொகுதியில் பெரும்பாலோர் சீனர்கள். ஆளும் கூட்டணி, மசீசவின் சீன வேட்பாளரை நிறுத்தியது. சுதந்திரம் வாங்கித் தந்த பெருமையும் அதன் கையில் இருந்தது. எதிரில் நின்றவரோ ஒரு தமிழர். இனக் கணக்குப்படி பார்த்தால் முடிவு முன்பே தெரிந்ததுதான்.

சீனிவாசகம் அந்தக் கணக்குக்குள் போகவில்லை. குடியுரிமையில் சம உரிமை, மலாயுடன் சீனம், தமிழ் மொழிகளுக்கும் அதிகாரத்துவ இடம் என்ற கோரிக்கைகளை முன்வைத்தார். கோரிக்கை சீன வாக்காளரின் மனக்குறையைத் தொட்டது; கேட்டவரோ சீனர் அல்லர். அதுவே அவருக்குப் பலமானது. கூட்டணி உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டிருந்த மசீசவால் அந்தக் கோரிக்கைகளுடன் போட்டி போட முடியவில்லை. சீனிவாசகம் வென்றார்.

அந்தத் தோல்வி மசீசவை உலுக்கியது. கட்சிக்குள் புகைந்துகொண்டிருந்த அதிருப்தி வலுத்தது. 1958 மார்ச்சில் துன் டான் செங் லோக் தலைவர் பதவியை லிம் சோங் இயூவிடம் இழந்தார். 1959 பொதுத் தேர்தலில் மக்கள் முற்போக்குக் கட்சி 4 நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தது. ஈப்போ நகர மன்றமும் அதன் வசமானது.

தேர்தல் மேடையில் முழங்கியவர் பதவியிலும் அப்படியே இருந்தாரா என்ற கேள்விக்குப் பின்னர் ஒரு சோதனை வந்தது. அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது நாடாளுமன்றத்தில் அவர் ஊழல் குற்றச்சாட்டு சுமத்தினார். அவைக்குள் பேசினால் வழக்கு இல்லை. வெளியே பேசத் துணிவு உண்டா என்று சவால் எழுந்தது. அவர் வெளியே வந்து அதையே பேசினார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்து, தோற்று, பதவி விலகினார்.

1969 மார்ச் 15ஆம் தேதி, ஐம்பது வயதைத் தொடாமலேயே சீனிவாசகம் காலமானார். இரண்டு மாதங்களுக்குள் நடந்த பொதுத் தேர்தலில், அவர் இல்லாமலேயே கட்சி மீண்டும் 4 நாடாளுமன்ற இடங்களை வென்றது.

இடைத்தேர்தல் என்றதும் திடீரென்று தார்ச்சாலை போடுவதும் சட்டையை மாற்றிக்கொண்டு படம் எடுப்பதும் இன்று வாக்காளர்களுக்குப் பழகிப்போனவை. ஈப்போ வாக்காளர்கள் 1957இல் தேர்ந்தெடுத்த முகம், பிரச்சார நாட்களில் வரைந்த முகம் அல்ல. நீதிமன்றத்தில் அவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்த முகம் அது.