முறிந்த பனையும் ஒரு மருத்துவரின் குறிப்பேடும்

தமிழில் போர்க்காலத்தை நாள்தோறும் எழுதி வைத்தவர் யார் என்று வினவினால் புதுவை ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். 1736இல் தொடங்கி 1761 வரை செல்லும் அவருடைய நாட்குறிப்பு, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னகத்தில் மோதிக்கொண்ட காலத்தின் கண்ணாடி. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி செல்லும் வழியில் நிற்கும் தியாகதுருகக் கோட்டையும் அந்தப் போரைக் கண்டதுதான். ஆயினும் பிள்ளை துபாஷி. ஆளுநரின் அவையில் நின்று எழுதியவர். அடுக்களையிலும் கிணற்றடியிலும் போர் என்ன செய்தது என்பதைப் பதிவு செய்யப் பின்னாளில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தோன்றினார். அவரே மருத்துவர் ராஜினி திராணகம. அவர் எழுதியதை நாட்குறிப்பு என்று கூறுவது இலக்கண வரம்புக்குச் சற்றுப் புறம்பானதாகலாம். ஆனால் நாள், ஊர், வீடு என்று குறித்து வைத்த அந்த எழுத்துக்கு வேறு பெயர் சூட்டுவதும் எளிதன்று.

ராஜினி 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்த பெண்களுள் அவர் ஒருவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற நாளில் மாணவர் அரசியலில் ஈடுபட்டார். தயாபால திராணகம என்னும் சிங்கள இளைஞரை 1977இல் மணந்தார். தமிழர்க்கும் சிங்களர்க்கும் இடையே பகை முற்றிக்கொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்த மணம் அது. இரண்டு பெண்மக்கள் பிறந்தனர். பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் ஆசிரியரானார்.

1980களின் தொடக்கத்தில், காயமுற்று வந்த இளைஞர்க்கு மருத்துவம் செய்ததன் வழியே விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. அவருடைய தமக்கை நிர்மலா 1982இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார். 1983இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற ராஜினி, அங்கிருந்தும் தம் மக்களின் துயரை எடுத்துரைத்தார். ஆனால் மாற்றுக் கருத்துடையோரை அழிக்கும் போக்கைக் கண்டபின் இயக்கத்திலிருந்து விலகினார். இவ்விலகலை மறைத்து அவரைப் போற்றுவதும், முந்தைய உறவை மறைத்துப் போற்றுவதும் ஒருபோலவே பிழை. தாம் நம்பியதையே ஆராய்ந்து மறுத்தவர் என்பதால்தான் அவருடைய சொல்லுக்கு எடை மிகுதி.

லிவர்பூலில் ஆய்வுப் பட்டம் பெற்ற அவர் அங்கேயே தங்கியிருக்கலாம். 1986இல், குழந்தைகளோடு யாழ்ப்பாணம் திரும்பினார். உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை உடன்படிக்கை கையெழுத்தானது. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் அக்டோபர் 10இல் போர் மூண்டது. தமிழ்நாட்டு வாசகர் இப்பகுதியைக் கடக்கும்போது நெஞ்சு கனக்காமல் இராது. மக்கள் வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பள்ளிகளிலும் தஞ்சம் புகுந்தனர். நல்லூர்க் கந்தசாமி கோயில் வளாகம் அகதி முகாமாயிற்று. அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை நுழைந்தது. மறுநாள் வரை நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் பணியாளருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

துப்பாக்கிகள் சற்றே ஓய்ந்தபோது ராஜினி வீடு வீடாகச் சென்றார். பெண்களிடம் பேசினார், பேச இயலாதவர் அருகே அமர்ந்திருந்தார். கணவரையும் மக்களையும் இழந்தோர், படையினரால் மானபங்கம் செய்யப்பட்டோர், பிணங்களுக்கிடையே இரவைக் கழித்தோர் எனப் பலரும் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டார். உடற்கூற்றியல் அறிஞருக்கே உரிய நிதானம் அவ்வெழுத்தில் உண்டு. ஆனால் சினம் அடங்கவில்லை; அதை அவர் அடக்க முயலவும் இல்லை.

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இங்கே ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டு நினைவுக்கு வரும். தமையனையும் கணவனையும் களத்தில் இழந்தபின் ஒரே மகனையும் போருக்கு அனுப்பும் மறக்குடி மகளை நாம் வகுப்பறைகளில் வியந்து கற்பிக்கிறோம். மேடைகள்தோறும் அவள் வீரத்தாயாக எழுந்தருள்கிறாள். ராஜினி கண்ட தாய்மாரோ மகனை அனுப்பியவர் அல்லர், பறிகொடுத்தவர். அவர்களுடைய அழுகையை வீரமாக மாற்றி எழுத அவர் மறுத்தார். அதே வேளையில், படையினரை எதிர்த்து நின்று கேள்வி கேட்டவரும், குடும்பத்தைத் தாங்கி நடத்தியவரும் பெண்களே என்பதையும் எழுதினார். பாதிப்புற்ற பெண்களுக்காக அமைந்த பூரணி இல்லத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு.

இப்பணியில் மூவர் அவரோடு இணைந்தனர். ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் கணிதவியலார், தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர். 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை தோன்றியது. இந்தியப் படை, இலங்கை அரசு, தமிழ் இயக்கங்கள் ஆகிய எத்தரப்பின் கொடுமையையும் ஒரே அளவுகோலால் அளப்பது அவர்கள் கொண்ட நெறி. நால்வரும் ஆங்கிலத்தில் எழுதிய நூல் பின்னர் ‘முறிந்த பனை’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. எல்லாத் தரப்பையும் சுட்டிய நூலுக்கு எத்தரப்பிலும் காவல் கிடைக்கவில்லை. தம்மைச் சுடும் துப்பாக்கி அயலாரிடமிருந்து வராது என்பதை ராஜினி உணர்ந்தே இருந்தார்.

1989 செப்டம்பர் 21. பல்கலைக்கழகத்தில் பணி முடித்து மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அவரைத் திருநெல்வேலியில் சுட்டுக் கொன்றனர். அகவை முப்பத்தைந்து. குடும்பத்தாரும் தோழரும் விடுதலைப் புலிகளையே குற்றஞ்சாட்டினர். நீதிமன்றத் தீர்ப்பென்று ஏதும் வரவில்லை. நூல் 1990இல் கலிபோர்னியாவின் கிளேர்மண்ட் நகரிலிருந்து அச்சாகி வெளிவந்தபோது அதன் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க அவர் இல்லை. அவர் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் 2005இல் கனடாவில் உருவாயிற்று.

ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால் குறிப்பெடுப்பதை நிறுத்தவில்லை. 2007இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. 2009இல் போர் முடிந்து சில மாதங்களுக்குப் பின்னும், அவ்வாண்டு இறுதியில், இறுதிப் போரில் குடிமக்கள் பட்ட பாட்டைப் பற்றி அவர்களுடைய அறிக்கை ஒன்று வெளிவந்தது.