வாவியின் இசையும் விபுலாநந்த அடிகளும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிலுள்ள குடும்பத்தார் விடுமுறை நாளிற் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் காணச் செல்வதுண்டு. கல்முனையிலிருந்து வழி ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கல்லடிப் பாலத்தைப் பார்த்து, கடற்கரையிற் சிறிது இருந்து, கச்சான் கொறித்துப் பொழுது சாயுமுன் திரும்பிவிடுவர். அவ்வாவியின் தனிச்சிறப்போ இருள் சூழ்ந்த பின்னரே வெளிப்படுவது. அதனைத் தமிழிற் பாடிவைத்த பெரியார் நம் அயலூரவரே.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட காரைதீவிலே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகத் தோன்றினார் மயில்வாகனனார். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானத் தேர்விலும் தேறினார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டு விபுலாநந்தரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தும் இலங்கைப் பல்கலைக்கழகத்தும் அவர் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியமை யாவரும் அறிந்ததாகலின் அதனை ஈண்டு விரித்தல் வேண்டா.

நிறைமதி நாளிரவிலே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு தலையை நீருள் இட்டு மறு தலையிற் செவியை வைப்போர்க்கு நரம்பு மீட்டினாலன்ன மெல்லொலி கேட்கும் என்பர். ஆங்கில அதிகாரி டென்னன்ட் இதனைத் தாம் செவியுற்றவாறு 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஊரி என்னும் நத்தையினம் ஒலிக்கின்றது என மீனவர் அவர்க்குக் கூறினர். மீன் பாடுகின்றது என்பது ஊர்வழக்கு. அடிகளாரோ அவ்வொலியை நீரரமகளிர் இசையாக்கிப் பாடினார்.

பாட்டிலே அரமகளிரை ஏற்றுக்கொண்ட அவரே, ஆராய்ச்சியிலே நரம்பின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் எண்ணாற் கணித்தார். பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பன்னூறாண்டுகள் கழிந்தன. கருவியும் இல்லை, அதனை இசைக்க அறிந்தாரும் இல்லை. எஞ்சியவை சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பிற நூற்குறிப்புகளுமே. அவற்றைக் கொண்டு வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் என்பவற்றின் உறுப்பையும் இசைமுறையையும் மீட்டெடுக்கப் புகுந்தார். இலக்கணப் புலமை மட்டும் உடையார்க்கு அக்கணக்கு எட்டாது. கணிதம் மட்டும் வல்லார்க்கு அவ்வுரை விளங்காது. இரண்டும் ஒருவரிடத்தே கூடியமையாற்றான் யாழ் நூல் எழுந்தது. அந்நூலின் எண்களைக் கண்டு தமிழ் கற்பார் இன்றும் அஞ்சி ஒதுங்குவது எமக்கு வருத்தந் தருவதே.

இடையிலே 1939 முதற் சில காலம் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். கடலோரத்திற் பிறந்தவர்க்குப் பனிமலை வாழ்வும் வாய்த்தது.

1947 ஜூன் மாதத்தில் யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவிலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. ஏறக்குறைய ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் நாள், அடிகளார் மறைந்தார். தம் நூலைத் தமிழுலகம் எங்ஙனம் ஏற்றது என்பதனை இருந்து காண அவர்க்குக் காலம் வாய்த்திலது.

அவர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அவரது சமாதி உள்ளது. அது கல்லடியில், நம் பக்கத்திலிருந்து செல்வோர்க்குப் பாலத்தின் இப்பாலே இருப்பது. நிலாக் காலத்திற் செல்வோர் பகலில் அதனைப் பிள்ளைகட்குக் காட்டிவிட்டு, இரவிலே தோணி ஏறலாம்.