ஒட்டுப் போட்ட மரத்தில் வளரும் கட்டை யாருடையது? 18-ம் நூற்றாண்டிலேயே விடை தேடிய டூஹமேல்

ஒரு மரத்தின் வேர், இன்னொரு மரத்தின் கிளை. இரண்டையும் ஒட்டினால் ஒரே மரமாக வளர்ந்துவிடுகிறது. சரி, உள்ளே வளரும் கட்டை எந்த மரத்துடையது? இந்தக் கேள்விக்குக் கத்தியும் கம்பியும் கொண்டு விடை தேடியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி-லூயி டூஹமேல் டூ மோன்சோ.

யார் இவர்?

1700-ல் பாரிஸில் பிறந்தவர். குங்குமப்பூ பயிரை அழித்த நோய்க்கு ஒரு பூஞ்சைதான் காரணம் எனக் காட்டினார். 1728-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமிக்குள் நுழைய அதுவே வழி திறந்தது. 1739-ல் அரச தோட்டத்தின் தலைமைப் பதவி இவர் கைக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் அது பூஃபோனுக்குப் போனது. டூஹமேலுக்குக் கிடைத்தது கடற்படையின் தலைமை ஆய்வாளர் பதவி. கப்பலுக்கு நல்ல மரம் வேண்டும். அதனால் மரம் எப்படிப் பருக்கிறது என்பது இவருக்கு வெறும் ஆர்வமல்ல, வேலையும்கூட.

வெள்ளிக் கம்பி சொன்ன பதில்

மரத்தின் பட்டையில் வெவ்வேறு ஆழங்களில் மெல்லிய வெள்ளிக் கம்பிகளைச் செருகிவிட்டுக் காத்திருந்தார். வெளிப்பட்டையில் வைத்த கம்பி பட்டையிலேயே நின்றது. கட்டையை ஒட்டி உள்ளே வைத்தது, சில ஆண்டுகளில் கட்டைக்குள் புதைந்து கிடந்தது. அதாவது, புதுக்கட்டை பட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவில்தான் உருவாகிறது.

அடுத்தது ஒட்டு. பிளம் மரத்தில் பீச் மரத்தின் பட்டைத் துண்டைப் பொருத்தினார். பிறகு வெட்டிப் பார்த்தால், அந்தத் துண்டுக்கு அடியில் மெல்லிய பீச் கட்டை! அதற்கு உள்ளே பழைய பிளம் கட்டை அப்படியே இருந்தது. இரண்டும் கலக்கவில்லை.

பட்டையின் உள்பகுதியே கட்டையாக மாறுகிறது என அவர் நினைத்தார். அந்த விளக்கம் நிற்கவில்லை. இடையில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய செல் அடுக்கு உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உருவாக்குகிறது எனப் பிற்காலத்தில் தெளிவானது. ஆனால் அவர் கண்ட காட்சி இன்றும் உண்மை.

பைன் மரத்துக்கு இது ஏன் முக்கியம்?

இன்றைய பைன் விதைத் தோட்டங்களில், தேர்ந்தெடுத்த முதிர்ந்த மரத்தின் குச்சியை இளம் நாற்றில் ஒட்டுகிறார்கள். முதலில் வெட்டுக்காயத்தில் ஒழுங்கற்ற செல்கள் நிரம்பும். பிறகு இரு பக்கக் கேம்பியமும் இணையும். அதன்பின் ஒட்டுக்கு மேலே குச்சியின் கட்டை, கீழே நாற்றின் கட்டை எனத் தனித்தனியாகவே வளையங்கள் சேரும். தண்ணீர் இரண்டையும் கடந்து மேலே போகும். இந்த இணைப்பு சரியாக அமையவில்லை என்றால் சிக்கல்தான். பைன் குடும்பத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஃபிர்ரில், நன்றாக வளர்ந்த ஒட்டுமரம்கூட சில ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போவது உண்டு.

1758-ல் 'மரங்களின் இயற்பியல்' என்ற பொருள் தரும் நூலில் டூஹமேல் தன் சோதனைகளைத் தொகுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரர் பார்த்துக்கொண்ட தெனான்வில்லியே பண்ணைதான் அவரது சோதனைக்கூடம். 1782-ல் இறந்தார். தேடிப்போன தோட்டம் கிடைக்காமல் போனாலும், மரத்தின் உள்ளே நடப்பதைக் காட்டியவர்களில் ஒருவராக அவர் பெயர் நிற்கிறது.