ரோமில் வெறுங்கால், இங்கிலாந்தில் சக்கர நாற்காலி: அபேபே பிகிலாவின் இரண்டு ஓட்டங்கள்

அபேபே பிகிலா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு காட்சிதான். இருட்டிய ரோம் நகர வீதியில், தீப்பந்த வெளிச்சத்தில், சப்பாத்து இல்லாமல் ஓடிவரும் மெலிந்த எதியோப்பியர். பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலங்களில் இந்தக் கதையை நாமும் கேட்டிருப்போம். வறுமையால் சப்பாத்து வாங்க முடியாதவர் ஓடி வென்றார் என்று அதை முடித்துவிடுவார்கள். அது சரியல்ல. அவரது வாழ்வின் கடைசி நான்கரை ஆண்டுகளைப் பற்றியோ அநேகமாக யாரும் சொல்வதில்லை.

பிகிலா 1932 ஓகஸ்ட் 7 அன்று எதியோப்பியாவின் மலைநாட்டில் ஜாட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போது முசோலினியின் படைகள் நாட்டுக்குள் புகுந்தன. குடும்பம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து தொலைவில் வாழ நேர்ந்தது. ஆக்கிரமிப்பு 1941இல்தான் முடிந்தது. இளைஞனானதும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து, பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்க்காவல் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். சுலுல்டா மலைப்பகுதியிலிருந்து நகருக்கு 20 கிலோமீற்றர் ஓடி வருவதும், மாலையில் அதே வழியே திரும்பி ஓடுவதும் அவரது அன்றாட வழக்கமாக இருந்தது. அதைப் பயிற்சி என்று அப்போது யாரும் அழைக்கவில்லை.

பயிற்சியாக மாற்றியவர் ஒன்னி நிஸ்கானென். பின்லாந்தில் பிறந்த சுவீடன் நாட்டவர். 1946இல் எதியோப்பியாவுக்கு வந்து மெய்க்காவல் படையினருக்கு உடற்பயிற்சி அளித்தவர். நீண்ட வீதி ஓட்டம் ஒருபுறம், குறுகிய தூரத்தை வேகமாக ஓடி, சற்று இளைப்பாறி, மீண்டும் ஓடுவது மறுபுறம் என்று அவர் ஒழுங்கு வகுத்தார். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றில் பிராணவாயு குறைவு; அதற்கு ஈடாக உடல் கூடுதலான செங்குருதிக் கலங்களை உண்டாக்கிக்கொள்கிறது. உயர்நிலப் பயிற்சி என்று இன்று உலகமெங்கும் வீரர்கள் பணம் செலவழித்துத் தேடிப் போவது, பிகிலாவுக்குப் பிறந்த மண்ணின் இயல்பாகவே வாய்த்தது. 1960 ஓகஸ்டில் அடிஸ் அபாபாவில் நடந்த மரதன் ஓட்டத்தை அவர் 2 மணி 21 நிமிடம் 23 செக்கனில் முடித்தார். எமில் சாட்டோபெக்கின் ஒலிம்பிக் சாதனையைவிட அது வேகமானது. ஆனால் வெளியுலகம் அதைக் கவனிக்கவில்லை.

ரோமில் கிடைத்த புதிய சப்பாத்துகள் அவரது காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகிய கால்கள் அவருடையவை. கொப்புளத்தோடு ஓடுவதைவிட வெறுங்காலே மேல் என்று முடிவாயிற்று.

அதைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. போட்டிக்கு முன்பே பயிற்றுநரும் பிகிலாவும் ஓடும் பாதையைச் சுற்றிப் பார்த்தார்கள். முடிவிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கற்றூண் நின்றது. அக்சும் நகரிலிருந்து முசோலினியின் ஆட்கள் 1937இல் கொள்ளையிட்டுக் கொண்டுவந்த எதியோப்பியத் தூண் அது. அந்த இடம் வந்ததும் வேகத்தைக் கூட்டுவது என்று தீர்மானித்தார்கள். இதில் பழிதீர்க்கும் உணர்வைக் காண்பவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. 40 கிலோமீற்றருக்குமேல் ஓடிக் களைத்த மனதுக்கு, இங்கிருந்து இனி இப்படித்தான் என்று முன்கூட்டியே குறித்துவைத்த ஓர் அடையாளம் தேவை. அந்த அடையாளம் தன் ஊர்க் கல்லாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

செப்டெம்பர் 10 மாலை ஓட்டம் தொடங்கியது. மொரோக்கோவின் ராடி அப்தெஸ்லாம் கவனிக்க வேண்டிய போட்டியாளர் என்றும், அவரது இலக்கம் 26 என்றும் பிகிலாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அன்று ராடி அணிந்திருந்ததோ 185. பக்கத்தில் ஓடிவருபவர்தான் அவர் என்று தெரியாமல், 26ஆம் இலக்கக்காரர் முன்னால் எங்கோ ஓடுகிறார் என்ற எண்ணத்தில் பிகிலா வேகத்தைக் குறைக்காமல் ஓடினார். தூண் வந்தது. ராடி பின்தங்கினார். கொன்ஸ்டன்டைன் வளைவின் கீழ் பிகிலா 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கனில் ஓட்டத்தை முடித்தார். அதுவரையிருந்த உலகின் சிறந்த நேரத்தை ஒரு செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் முந்தியிருந்தார்.

நாடு திரும்பியவருக்கு வரவேற்பும் பதவி உயர்வும் கிடைத்தன. மூன்று மாதத்தில், டிசெம்பரில், அவரது படைப்பிரிவின் தளபதியே பேரரசருக்கு எதிராகப் புரட்சி செய்து தோற்றார். படையினர் பலர் கொல்லப்பட்டனர். தொடர்பில்லாத பிகிலாவும் சிறிது காலம் தடுத்துவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார்.

1964 டோக்கியோ ஒலிம்பிக் மரதனுக்கு ஐந்து வாரங்களே இருந்தபோது குடல்வால் அழற்சிக்காக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. ஒக்டோபர் 21 அன்று, இம்முறை சப்பாத்து அணிந்து, 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில் மீண்டும் வென்றார். அடுத்தவர் வர நான்கு நிமிடத்துக்கு மேலாயிற்று. அதற்குள் மைதானத்தின் நடுவே அவர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்ற முதல் மனிதர் அவர்தான். 1968இல் மெக்சிக்கோவில் கால் காயத்தால் 17 கிலோமீற்றர் அளவில் விலகிக்கொண்டார். சக எதியோப்பியர் மாமோ வோல்டே வென்றார்.

1969 மார்ச் 22 இரவு, அவர் ஓட்டிச் சென்ற வொக்ஸ்வாகன் கார் அடிஸ் அபாபாவுக்கு வெளியே புரண்டது. மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டார்கள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தொடக்கத்தில் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை. எட்டு மாதச் சிகிச்சையில் கைகளின் இயக்கம் திரும்பியது. கால்கள் திரும்பவேயில்லை.

அந்த மருத்துவமனைக்கு ஒரு வரலாறு உண்டு. நாசி ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட சிப்பாய்களுக்காக 1944இல் அங்கே தனிப்பிரிவு தொடங்கினார். அத்தகையோர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்துபோவதே அக்காலத்து விதியாக இருந்தது. அவர்களைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், எழுப்பி உட்காரவைப்பதும், கையில் வில்லைக் கொடுப்பதும் குட்மனின் வைத்தியம். வில் இழுத்தால் தோளும் முதுகும் வலுப்பெறும், உட்கார்ந்த உடல் சமநிலை பழகும். 1948இல் 16 பேரோடு அங்கே தொடங்கிய போட்டிதான் பின்னர் பராலிம்பிக் ஆனது. முதலாவது பராலிம்பிக் நடந்ததும் 1960 செப்டெம்பரில், அதே ரோமில், பிகிலா வென்ற அடுத்த வாரத்தில்தான். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. புரட்டிப் படுக்கவைப்பது என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிகிலா வில்லை எடுத்தார். 1970இல் ஸ்டோக் மாண்டவில் போட்டியில் அம்பெய்தார். மறு ஆண்டு நோர்வேயில் மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டிகளில் கலந்துகொண்டு, பனியில் சறுக்குவண்டி செலுத்தும் 25 கிலோமீற்றர் போட்டியில் வென்றார். பனியே காணாத நாட்டவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு விருந்தினராகச் சக்கர நாற்காலியில் வந்தார். அந்த ஆண்டு மரதனை வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷோர்ட்டர் பதக்கம் பெற்றபின் நேரே சென்று அவரது கையைப் பற்றினார்.

1973 ஒக்டோபர் 25 அன்று, விபத்தின் பின்விளைவான மூளைக் குருதிக்கசிவால், 41ஆவது வயதில் பிகிலா இறந்தார். இறுதி ஊர்வலத்தில் பேரரசரும் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டு பேரரசரே பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ரோமிலிருந்த அக்சும் தூண் 2005இல் எதியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, 2008இல் பழைய இடத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது.